பாதத்துக்கு வைத்தியம்: சென்னையில் எந்த வாசலுக்குப் போவது?

பல் வலித்தால் யாரிடம் போவது என்று எவரும் யோசிப்பதில்லை. குதிகால் குத்தினாலோ, விரலிடுக்கில் புண் வந்தாலோ, கணுக்கால் பிசகினாலோ எந்த மருத்துவரைப் பார்ப்பது என்பதே பெரிய குழப்பமாகிவிடுகிறது. பிரிட்டனில் பாத மருத்துவர் என்ற பெயரை அதற்கான பதிவேட்டில் இடம்பெற்றவர் மட்டுமே சூட்டிக்கொள்ள முடியும். இங்கே அந்த வேலை எலும்பு மருத்துவர், சர்க்கரை நோய் மருத்துவர், பொது அறுவை மருத்துவர், பிசியோதெரபிஸ்ட் என்று பலரிடம் பிரிந்து கிடப்பதால், வாசலில் ‘போடியாட்ரி’ (பாத மருத்துவம்) என்று பலகை மாட்டியிருப்பதை மட்டும் நம்பி உள்ளே நுழைந்துவிட முடியாது. வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று கணக்கிடுவதற்கு முன்பு, அந்தப் பாதத்துக்கு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

உணர்ச்சி நன்றாக இருந்து வலி மட்டும்தான் தொல்லை என்றால், பேட்டையிலுள்ள எலும்பு மருத்துவரே பெரும்பாலும் போதும். காலையில் எழுந்து வைக்கும் முதல் சில அடிகளில் குதிகால் குத்தி, நடக்க நடக்கக் குறையும் வலி பெரும்பாலும் பாதத்தின் அடிச்சவ்வில் ஏற்படும் கோளாறு. கெண்டைக்கால் தசையை நீட்டும் பயிற்சியாலும் மெத்தென்ற காலணியாலும் சில மாதங்களில் அநேகமாகச் சரியாகிவிடும். எக்ஸ்ரேயில் எலும்பு முள் தெரிகிறது என்று சொல்லி உடனே ஊசிக்கோ அறுவைக்கோ அவசரப்படுத்தும் இடத்தைவிட, பயிற்சியைப் பொறுமையாகச் செய்துகாட்டும் பிசியோதெரபிஸ்ட் மேல் என்பேன்; வலியே இல்லாத பலருக்கும் அந்த முள் இருக்கிறது. கணுக்கால் பிசகியவருக்கு நான்கு அடிகூட எடுத்துவைக்க முடியவில்லை என்றாலோ, கணுக்கால் எலும்பின் பின்விளிம்பை அழுத்தினால் வலித்தாலோ, எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். அதை எடுக்காமலே போடப்படும் புத்தூர் கட்டின் மீது நம் ஊருக்குள்ள பற்று எனக்கு விளங்கியதே இல்லை. கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு இணைக்கும் குதிநாண் அறுந்தவர்களும் பிறவியிலேயே பாதம் வளைந்தவர்களும் மட்டும், பாதம்-கணுக்கால் அறுவையில் தனிப் பயிற்சி பெற்ற எலும்பு மருத்துவரைப் பெரிய மருத்துவமனைகளில் தேடிச் செல்வது நல்லது.

உணர்ச்சி இல்லாத பாதத்தின் கதை வேறு. இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை நோயுள்ள எங்கள் அத்தையை நாற்காலியில் அமர்த்திக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, தூண்டில் நரம்பு போன்ற ஒரு நைலான் இழையை உள்ளங்காலில் அது வளையும்வரை அழுத்தி, “படும்போது சொல்லுங்கம்மா” என்றார் செவிலியர். பத்து கிராம் விசையில் வளையும் அந்த இழை மூன்று முறை பட்டும் அத்தை வாய் திறக்கவில்லை. பிறகு அவருடைய செருப்பைத் திருப்பிப் பார்த்தபோது, அடியில் ஒரு குண்டூசி ஏறி, அதன் முனை மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அது எத்தனை நாளாக இருந்தது என்பது அவருக்கே தெரியவில்லை.

இத்தகையவர்கள் மூன்று வாசல்களுக்கிடையே தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. சென்ட்ரல் எதிரிலுள்ள ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் சர்க்கரை நோய்ப் பிரிவும் இரத்தக்குழாய் அறுவைப் பிரிவும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன, செலவும் இல்லை. ஆனால் நெடிய வரிசையும், ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு நடக்கும் அலைச்சலும், ஊன்றக் கூடாத காலை ஊன்ற வைத்துவிடுகின்றன. சக்கர நாற்காலி தள்ள ஆளில்லாமல் அங்கே போகக் கூடாது. 1954இல் பேராசிரியர் எம். விஸ்வநாதன் ராயபுரத்தில் தொடங்கிய எம்.வி. மருத்துவமனை போன்ற சர்க்கரை நோய்க்கான தனி நிலையங்களில் பரிசோதனை, புண் பராமரிப்பு, காலணி ஆகியவற்றுக்கு அடுத்தடுத்த அறைகளில் வழி இருப்பது பெரிய வசதி. இரத்தக்குழாய் அடைப்பை அங்கேயே நீக்குவார்களா, வேறெங்காவது அனுப்புவார்களா என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். பெரிய தனியார் பன்னோக்கு மருத்துவமனைகளில் எல்லாத் துறைகளும் உண்டு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டணமும் உண்டு.

இவற்றில் எதற்குப் போனாலும், புண்ணின் மீது பாரம் விழாமல் இருக்க என்ன செய்வீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். தினமும் கட்டு மாற்றினால் ஆறிவிடும் என்பதே பதில் என்றால் அந்த இடம் வேண்டாம். காலின் வடிவத்துக்கே ஒட்டிப் போடும் மாவுக்கட்டு, எம்.சி.ஆர். எனப்படும் நுண்ணறை ரப்பர் செருப்பு, கழற்ற முடியாத காலணி என்று பேச்சு எழுந்தால் நம்பி உட்காரலாம். கொல்லிமலையில் 1914இல் பிறந்து, 1946 முதல் வேலூர் சி.எம்.சி.யில் பணியாற்றிய அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதம் அழிவது சதை அழுகுவதால் அல்ல, வலி தெரியாமல் அதே இடத்தில் மீண்டும் மீண்டும் ஊன்றுவதால்தான் என்று காட்டினார். இன்றைய சர்க்கரை நோய்ப் பாதச் சிகிச்சைக்கும் அதுவே அடிப்படை. கணுக்காலிலும் கையிலும் இரத்த அழுத்தத்தை அளந்து ஒப்பிடும் சோதனையையும் கேட்டு வாங்க வேண்டும். அந்த விகிதம் 0.9க்குக் கீழே போனால் இரத்த ஓட்டம் குறைந்திருக்கிறது என்று பொருள். சர்க்கரை நோயாளிகளின் குழாய்கள் சுண்ணம் படிந்து இறுகியிருந்தால் விகிதம் பொய்யாக உயர்ந்தும் காட்டும் என்பதால், அதை விளக்கிச் சொல்பவரிடம் எனக்கு மதிப்பு கூடும்.

ஒரு நிலையில் மட்டும் எந்த வாசல் நல்லது என்று ஒப்பிட்டுக்கொண்டிருக்கவே இடமில்லை. உணர்ச்சி குறைந்த ஒரு பாதம் திடீரென வீங்கிச் சிவந்து, மற்றதைவிடச் சூடாக இருந்தால், வலி இல்லாவிட்டாலும் அன்றைக்கே காட்ட வேண்டும். சுளுக்கு என்று தைலம் தேய்த்துக்கொண்டிருப்பதற்குள் உள்ளே எலும்புகள் நொறுங்கிப் பாதத்தின் வளைவே சரிந்துவிடக்கூடும்.

புண் வந்து ஆறியவர்கள் ஒன்று முதல் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை பாதத்தைக் காட்ட வேண்டும் என்பதால், தொலைவும் பிறகு கணக்கில் வந்துதான் தீரும். அத்தைக்கு நாங்கள் இரண்டு வாசல்களை வைத்துக்கொண்டோம். காலணிக்கும் சோதனைக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரயிலேறித் தனி நிலையத்துக்குப் போகிறோம். நகம் வெட்டவும் காய்ப்பைச் சீவவும், தெருமுனையிலுள்ள மருத்துவரிடம் பயிற்சி பெற்ற செவிலியர் இருக்கிறார். அழகு நிலையத்துக்குப் போவதை அத்தை அந்தக் குண்டூசியோடு விட்டுவிட்டார்.