எரிப்பதா, அவிப்பதா?

மருத்துவமனையின் தொற்றுக் கழிவுக்கு முக்கியமாக இரண்டு வழிகள்: எரியூட்டி, அழுத்த நீராவியில் அவிக்கும் கலனான ஆட்டோகிளேவ். கிருமியைக் கொல்வதில் எது கெட்டி என்று கேட்டால் பதில் சப்பென்றுதான் இருக்கும். இரண்டுமே கொல்லும். 121 டிகிரி செல்சியஸ் அழுத்த நீராவி போதிய நேரம் பட்டால், எளிதில் சாகாத பாக்டீரிய வித்துகளும் மிஞ்சாது. அப்புறம் எதற்கு எரியூட்டியின் 850 டிகிரி?

ஒரு பையை எரியூட்டிக்குள் போட்டால், ரத்தம் தோய்ந்த பஞ்சில் ஈரம் வற்றும்வரை தீ சோம்பிக் கிடக்கும். 250 டிகிரி வாக்கில் பிவிசி பிளாஸ்டிக் குழாய்கள் ஹைட்ரஜன் குளோரைடு என்ற அமில வாயுவைக் கக்கத் தொடங்கும். பிவிசியின் எடையில் பாதிக்கு மேல் குளோரின்தான். 300-ஐத் தாண்டியதும் பஞ்சும் கட்டுத்துணியும் சிதையும். சிரிஞ்சின் பாலிபுரோப்பிலீன் பிளாஸ்டிக் 400 வாக்கில்தான் மசியும். பற்றிக்கொண்டால் எடைக்கு எடை டீசல் அளவுக்கு எரியும்.

முதல் அறையில் காற்றைக் குறைத்துவிடுவார்கள். அரைகுறையாக வெந்து கிளம்பும் வாயு, இரண்டாவது அறையில் கூடுதல் காற்றோடு 1100 டிகிரியில் இரண்டு விநாடியாவது நிற்க வேண்டும். அத்தோடு முடிந்துவிடாது. புகை ஆறும்போது, 450-க்கும் 200-க்கும் இடையில், சாம்பல் துகள்மேல் டையாக்சின் என்ற குளோரின் நச்சு மறுபடி உருவாகும்; அதில் செம்பு இருந்தால் இன்னும் எளிது. அதனால்தான் புகையைச் சட்டென்று குளிர்விக்கிறார்கள். குளிர்விப்பும் வடிகட்டியும் இல்லாத ஒற்றை அறைச் சூளை, என்னைக் கேட்டால், எரியூட்டியே அல்ல. உயரமான புகைபோக்கி வைத்த குப்பைமேடு.

ஆட்டோகிளேவில் இந்த வம்பில்லை. அங்கே எதிரி காற்று. இறுக்க முடிச்சிட்ட பைக்குள் காற்று அடைபட்டால் நீராவி நுழையாது; வெளியே முள் 121 காட்டும், நடுவில் இருக்கும் பஞ்சு வெதுவெதுப்பாகவே கிடக்கும். அதற்குத்தான் முதலில் வெற்றிடமாக்குவதும், மூட்டையின் நடுவே பாக்டீரிய வித்துகள் தடவிய பட்டையை வைத்து, அவை செத்தனவா என்று சோதிப்பதும். வெந்து வரும் சிரிஞ்ச் சிரிஞ்சாகவே இருக்கும். துண்டாக்காவிட்டால் யாராவது எடுத்துக் கழுவி விற்றுவிடுவார்கள்.

கையுறை, குழாய், சிரிஞ்சுக்கு என் ஓட்டு ஆட்டோகிளேவுக்கே. உடலுறுப்புகளையும் புற்றுநோய் மருந்து மிச்சத்தையும் அவித்துப் பயனில்லை. அவை நல்ல இரட்டை அறை எரியூட்டிக்குப் போகட்டும். உடைந்த பாதரச வெப்பமானியை மட்டும் இரண்டிலும் போடக் கூடாது: சூடு பட்டால் பாதரசம் ஆவியாகிக் காற்றில் கலந்துவிடும்.