அப்பத்தா விளக்குக்கு வாங்கிய 90 ரூபாய் ட்ரைவர் போர்டு

கானாடுகாத்தான் வீட்டில் அப்பத்தா படுப்பது பட்டாலையில். ராத்திரி முழுக்க அங்கே ஒரு விளக்கு எரிய வேண்டும், ஆனால் மங்கலாக. சுவரெல்லாம் பழைய சுண்ணாம்புப் பூச்சு, கண்ணாடி மாதிரி வழவழப்பு. எல்இடி ஒன்று போட்டால் சுவரில் நாலு தெரியும். “அரிக்கேன் திரியை இறக்குற மாதிரி இறங்குமாடா?” என்று கேட்டது அப்பத்தா.

மதுரையில் ஒரு கடையில் பிடி4115 சிப் வைத்த கான்ஸ்டன்ட் கரண்ட் போர்டு வாங்கினேன், அதாவது எல்இடிக்குப் போகும் கரண்டை ஒரே அளவில் பிடித்து வைக்கும் ட்ரைவர். 90 ரூபாய். ஜீரோ வரைக்கும் வெண்ணெய் மாதிரி இறங்கும் என்றார் கடைக்காரர்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு வாட் எல்இடி மூன்றை வரிசையாகக் கோர்த்து 12 வோல்ட் அடாப்டரில் கொடுத்தேன். கரண்டைத் தீர்மானிக்கப் போர்டில் இருப்பது 0.33 ஓம் ரெசிஸ்டர், கணக்குப்படி 300 மில்லி ஆம்பியர். மீட்டர் 296 காட்டியது. 15 வோல்ட் அடாப்டர் மாற்றியும் கரண்ட் அசையவில்லை. வோல்ட் கொஞ்சம் ஏறினாலே எல்இடியில் கரண்ட் எகிறிவிடும் என்பதால் இந்தப் பிடிப்புதான் முக்கியம். மிச்ச வோல்ட்டைச் சூடாக வீணாக்காத சுவிட்சிங் வகை என்பதால் சூடும் குறைவு. இரண்டு மணி நேரம் கழித்தும் சிப்பில் விரல் வைக்க முடிந்தது.

வெண்ணெய் விஷயம்தான் பொய். சிப்பில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க இருக்கும் டிம் காலுக்கு 0.5 முதல் 2.5 வோல்ட் வரை கொடுத்தால் கரண்ட் 20 முதல் 100 சதவீதம் வரை ஏறும்; 0.3 வோல்ட்டுக்குக் கீழே சிப் அணைந்துவிடும். சிப் கம்பெனியின் டேட்டாஷீட்டில் உள்ளதுதான், நான் வாங்கிய பிறகு படித்தேன். 20 சதவீதக் கரண்ட் கண்ணுக்குப் பாதி வெளிச்சமாகத் தெரியும். ஆக, அந்த வோல்ட்டை மாற்றும் குமிழைத் திருகினால் பாதி வரை அழகாக இறங்கி, அங்கிருந்து பொசுக்கென்று இருட்டு. திண்ணையிலிருந்து இறங்கும்போது கடைசிப் படியைக் காணோம் என்றால் எப்படி இருக்கும்?

அப்புறம் ஆர்டுயினோ நானோ என்கிற, புரோகிராம் எழுதி ஓட்டும் குட்டி போர்டை எடுத்து அதே காலுக்கு பிடபிள்யூஎம் கொடுத்தேன்: வினாடிக்கு 490 தடவை அணைத்து ஏற்றி, எரியும் நேரத்தைக் குறைத்து வெளிச்சத்தைக் குறைப்பது. குமிழின் அளவை அதாலேயே பெருக்கி அனுப்பினால்தான் கண்ணுக்குச் சீராக இறங்குகிறது. 8 பிட்டில், அதாவது 256 படிகளில், அடிமட்டத்தில் தத்தித் தத்தி இறங்கியது. இன்னும் நுணுக்கமான படிகள் தரும் 16 பிட் டைமர் இருக்கும் ஒன்பதாம் பின்னுக்கு மாற்றினேன், திரி இறங்கின மாதிரியே இறங்கியது. அப்பத்தாவும் தலையாட்டியது.

ராத்திரி பதினொரு மணிக்குக் கூப்பிட்டது. “ராசா, எங்கேயோ வண்டு கத்துது.”

கத்தியது போர்டில் இருக்கும் கம்பிச் சுருள். 490 ஹெர்ட்ஸ் காதுக்கு நன்றாகக் கேட்கும். பகல் சந்தடியில் எனக்குத் தெரியவில்லை. மறுநாள் போர்டை ஒரு டப்பாவுக்குள் வைத்து இரண்டாம் கட்டுக்குக் கொண்டுபோய், விளக்குக்கு ஒயரை நீட்டிவிட்டேன்.

போர்டுக்கு ஐந்துக்கு மூன்றரை. நானோவுக்குப் புரோகிராம் எழுதத் தெரியாதவர்கள் இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.