மார்பக இம்பிளான்ட்: ஸ்டிக்கர் கையில் வராமல் டிஸ்சார்ஜ் ஆகாதீர்கள்

மார்பகப் புற்றுநோய் ஆபரேஷனுக்குப் பின் சிலிக்கான் இம்பிளான்ட் வைத்துக்கொள்பவர்களும் அவர்கள் வீட்டாரும் பிரான்ஸின் பிஐபி என்ற இம்பிளான்ட் நிறுவனம் செய்த மோசடியைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். மருத்துவ ஜெல்லுக்குப் பதில் அனுமதியில்லாத தொழிற்சாலை சிலிக்கானை நிரப்பி, அந்த நிறுவனம் பல ஆண்டுகள் விற்றது. தணிக்கைக்கு வருபவர்கள் முன்கூட்டியே தேதி சொல்லிவிடுவார்கள், அதற்குள் நிறுவனத்தார் ஆதாரங்களை மறைத்துவிடுவார்கள். 2010 மார்ச்சில்தான் தடை வந்தது. நிறுவனர் ஜான்-குளோட் மாஸுக்கு 2013-இல் நான்கு ஆண்டு சிறைத்தண்டனை.

பிரிட்டனில் சுமார் 47,000 பெண்கள் இதில் மாட்டினார்கள், பெரும்பாலும் தனியார் கிளினிக்குகளில். தன் உடம்பில் இருப்பது எந்தக் கம்பெனியுடையது என்று கேட்டு வந்தவர்களில் சிலருக்குப் பதிலே கிடைக்கவில்லை. ஃபைல் இல்லை, அல்லது கிளினிக்கே இல்லை. இம்பிளான்ட் வைத்துக்கொண்டவர்களைப் பதிய 1993-இல் தொடங்கிய தேசியப் பதிவேட்டை 2006-இலேயே மூடிவிட்டிருந்தார்கள். பெயர் பதியப் பலர் சம்மதம் தரவில்லை என்பது காரணம். எத்தனை பேருக்கு வைத்தோம் என்ற மொத்தக் கணக்கு இல்லாதபோது, கிழிந்து வருகிற பத்து கேஸ் அதிகமா, வழக்கமானதா என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. பிறகு நிபுணர் குழு கணக்குப் பார்த்தது: பத்து ஆண்டில் பிஐபி கிழிந்தது 15–30 சதவீதம், மற்றவை 10–14. நெதர்லாந்தில் 2015-இல் வந்த பதிவேட்டில் நோயாளி மறுத்தால் ஒழிய எல்லோரும் சேர்க்கப்படுகிறார்கள். அப்படித்தான் இருக்க வேண்டும்.

2019 ஜூலையில் அலர்கன் நிறுவனத்தின் சொரசொரப்பு இம்பிளான்ட்களை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள். அவற்றைச் சுற்றி வளரும் ஒரு லிம்போமாதான் (நிணநீர் செல்களில் வரும் புற்றுநோய்) காரணம். அப்போது அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவிடம் இந்த நோயால் பதிவான 33 மரணங்களில் 20 பேருக்கு எந்தக் கம்பெனி இம்பிளான்ட் என்றே தெரியவில்லை. உயிர் போன பிறகும் தெரியவில்லை என்றால் என்ன நியாயம்?

இம்பிளான்ட் பெட்டியில் ஒட்டி எடுக்கும் ஸ்டிக்கர்கள் இருக்கும். ஒன்று கேஸ் ஷீட்டுக்கு, ஒன்று உங்களுக்கு. கம்பெனி, மாடல், லாட் (தயாரிப்புத் தொகுதி) எண், சீரியல் எண், எத்தனை சிசி, மேற்பரப்பு வழவழப்பா சொரசொரப்பா எல்லாம் வேண்டும். இரண்டு பக்கமும் வைத்தால் தனித்தனியாக. டிஸ்சார்ஜ் சம்மரியில் வெறுமனே “சிலிக்கான் இம்பிளான்ட்” என்றிருந்தால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. நம் நாட்டில் 2002 மருத்துவக் கவுன்சில் விதிப்படி உள்நோயாளி ஆவணங்களை டாக்டர் மூன்று ஆண்டுதான் வைத்திருக்க வேண்டும். இம்பிளான்ட் கிழிவதோ பெரும்பாலும் அதற்கு வெகுகாலம் கழித்து. அதே விதிப்படி, கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். எழுதிக் கொடுத்து வாங்கிவிடுங்கள்.

ஆபரேஷனுக்கு முன்பே சர்ஜனிடம் கேளுங்கள்: இதுவரை எத்தனை பேருக்கு வைத்தீர்கள், ஓராண்டில் எத்தனை பேருக்கு மறுபடி ஆபரேஷன், ஐந்தாண்டில் எத்தனை, எதனால் — தொற்றா, சுற்றிலும் தழும்பு இறுகியதா, கிழிசலா? செக்கப்புக்கே வராமல் போனவர்கள் எத்தனை பேர்? “யாரும் கம்ப்ளெய்ன்ட் பண்ணினதில்லை” என்பதைப் பதிலாக ஏற்காதீர்கள். சிக்கல் வந்தவர் வேறு ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார், இவர்கள் கணக்கில் வந்திருக்க மாட்டார்.

கிழிந்தால் வலிக்கும் என்று காத்திருக்கவும் வேண்டாம். பல கிழிசல்கள் சத்தமே இல்லாமல் நடக்கும். ஐந்து, ஆறு ஆண்டில் ஒரு அல்ட்ராசவுண்ட் அல்லது எம்ஆர்ஐ, பிறகு இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எடுங்கள். வைத்து ஓராண்டுக்கு மேல் ஆன பிறகு ஒரு பக்கம் திடீரென வீங்கினால், உறிஞ்சி எடுக்கும் நீரைக் கொட்டிவிட விடாதீர்கள். செல் பரிசோதனைக்கும், அந்த லிம்போமாவைக் கண்டுபிடிக்க உதவும் சிடி30 சோதனைக்கும் அனுப்பச் சொல்லுங்கள், ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள்.