பகிர்ந்த ஃபோல்டர் வந்து சேரவில்லையா? கூகுள் ட்ரைவ், ட்ராப்பாக்ஸ், ஒன்ட்ரைவ்: ஓர் ஒப்பீடு

"ஷேர் பண்ணிட்டேன், வந்துச்சா?" "இல்லையே!" இதற்குப் பிறகு பலரும் செய்யும் முதல் வேலை, கோப்புகளை இணையத்தில் சேமித்துப் பகிரும் இந்தச் சேவைகளுக்காகக் கணினியில் வைத்திருக்கும் செயலியை அழித்துவிட்டு மறுபடி நிறுவுவது. தயவுசெய்து அதைக் கடைசிக்கு வையுங்கள். இன்னும் இணையத்துக்கு ஏறாத மாற்றங்கள் ஏதாவது இருந்தால் அதோடு போய்விடும் ஆபத்து உண்டு.

முதலில் பிரௌசரில் உள்ளே போய்ப் பாருங்கள். அங்கே ஃபோல்டர் இருக்கிறது, கணினியில் மட்டும் இல்லை என்றால் சிக்கல் உங்கள் பக்கம். அங்கேயும் இல்லை என்றால் சிக்கல் பகிர்ந்த விதத்திலோ கணக்கிலோ இருக்கும். பெரும்பாலும் அனுப்பியவர் உங்களுடைய வேறொரு மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்பியிருப்பார், அல்லது நீங்கள் வேறு கணக்கில் நுழைந்திருப்பீர்கள். இந்த ஒரு சோதனை மூன்று சேவைகளுக்கும் பொது.

இதற்கு மேல் மூன்றும் மூன்று வழியில் போகின்றன. கோப்பு யாருடையது என்ற கேள்விக்கு ஒவ்வொன்றும் வேறு பதில் வைத்திருப்பதுதான் காரணம்.

கூகுள் ட்ரைவில் உங்களுக்குப் பகிரப்பட்ட ஃபோல்டர் 'ஷேர்ட் வித் மீ' பக்கத்தில் தெரியும். ஆனால் தானாகக் கணினிக்கு வராது. அதற்கு ஒரு ஷார்ட்கட்டை 'மை ட்ரைவ்' உள்ளே சேர்க்க வேண்டும். ஒன்ட்ரைவிலும் இதே கதைதான்: பிரௌசரில் அந்த ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்து, ஷார்ட்கட்டை 'மை ஃபைல்ஸ்' பகுதியில் சேர்த்தால்தான் சிங்க், அதாவது இணையத்தில் இருப்பதையும் கணினியில் இருப்பதையும் ஒன்றுபோல வைக்கும் வேலை, தொடங்கும். "வரவில்லை" என்ற புகார்களில் நிறைய இந்த ஒரு படியைத் தாண்டாததால் வருபவை. ட்ராப்பாக்ஸில் ஷார்ட்கட் வேலை இல்லை. அழைப்பை ஏற்றால் ஃபோல்டர் உங்கள் ட்ராப்பாக்ஸின் ஒரு பகுதியாகவே வந்து உட்கார்ந்துவிடும். பயன்படுத்த எளிது என்ற வகையில் ட்ராப்பாக்ஸுக்குத்தான் என் ஓட்டு.

ஆனால் அந்த எளிமைக்கு ஒரு விலை இருக்கிறது. ட்ராப்பாக்ஸின் தனிநபர் கணக்குகளில் பகிர்ந்த ஃபோல்டரின் அளவு அதில் இருக்கும் ஒவ்வொருவரின் இடத்திலும் கழியும். இலவசக் கணக்கில் கிடைப்பது 2 ஜிபி. ஒருவர் 3 ஜிபி படங்கள் உள்ள ஃபோல்டரைப் பகிர்ந்தால், இலவசக் கணக்குக்காரர் அதில் சேரவே முடியாது. கூகுளில் இடத்தைக் கணக்கிடும் முறை வேறு: ஃபோல்டர் யாருடையதாக இருந்தாலும், கோப்பை ஏற்றியவரின் இடம்தான் குறையும். அவருடைய இலவச 15 ஜிபியை ஜிமெயிலும் போட்டோஸும் சேர்ந்து நிரப்பியிருந்தால், ஃபோல்டர் காலியாக இருந்தாலும் அவரால் எதையும் ஏற்ற முடியாது. ஒன்ட்ரைவிலோ யார் ஏற்றினாலும் ஃபோல்டரின் சொந்தக்காரர் தலையில்தான் விழும். இலவசமாக அவருக்கு இருப்பது 5 ஜிபி. ஆக "இடம் போதவில்லை" என்று வந்தால், கூகுளில் ஏற்றியவரையும், ஒன்ட்ரைவில் சொந்தக்காரரையும், ட்ராப்பாக்ஸில் எல்லாரையும் பார்க்க வேண்டும். பத்துப் பேர் இலவசக் கணக்கில் சேர்ந்து வேலை செய்யும் குழுவுக்குக் கூகுளே பொருத்தம் என்பேன். ஒரு எச்சரிக்கை மட்டும்: ஏற்றியவர் தன் கணக்கையே நீக்கிவிட்டால், அவர் ஏற்றிய கோப்புகளும் கூடவே போகும். முக்கியமானவற்றுக்குத் தனிப் பிரதி வைத்திருங்கள்.

அழிக்கும் விஷயத்திலும் இதே வித்தியாசம்தான். ட்ராப்பாக்ஸில் திருத்தும் உரிமை உள்ள ஒருவர் பகிர்ந்த ஃபோல்டருக்குள் இருப்பதை அழித்தால், எல்லாருடைய கணினியிலிருந்தும் அது மறையும். இலவசக் கணக்கில் 30 நாளுக்குள் மீட்கலாம். ஒன்ட்ரைவில் அது சொந்தக்காரரின் ரீசைக்கிள் பின்னில் கிடக்கும். அவர்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். கூகுளில் அடுத்தவர் ஏற்றிய கோப்பை நீங்கள் ஃபோல்டரிலிருந்து நீக்கினால் கோப்பு அழிவதில்லை. ஏற்றியவர் தன் ட்ரைவில் தேடினால் கிடைக்கும்.

வேகம்: பெரிய கோப்பில் சின்ன மாற்றம் செய்தால், ட்ராப்பாக்ஸ் கோப்பை 4 எம்பி துண்டுகளாகப் பிரித்து, மாறிய துண்டை மட்டும் அனுப்பும். வீடியோ, வடிவமைப்பு வேலை செய்பவர்களுக்கு இது பெரிய வரம்.

இருவர் ஒரே நேரத்தில் ஒரே கோப்பைத் திருத்தினால்? ட்ராப்பாக்ஸ் 'கான்ஃபிளிக்டட் காப்பி' என்று பெயரில் சேர்த்து இரண்டாவது பிரதியை வைக்கும். ஒன்ட்ரைவ் கோப்புப் பெயரின் பின்னால் கணினியின் பெயரை ஒட்டும். இதைக் குப்பை என்று நினைத்து உடனே அழிக்காதீர்கள். ஒருவருடைய அரை நாள் உழைப்பு அதில் இருக்கலாம். இரண்டையும் திறந்து பார்த்துச் சேர்த்த பிறகு அழியுங்கள். கூகுள் டாக்ஸ் கோப்புகளுக்கு இந்தத் தொல்லையே இல்லை. ஆனால் கணினியில் தெரியும் டாக்ஸ் கோப்பு வெறும் சுட்டிதான். அதைப் பென்டிரைவில் நகலெடுத்தால் உள்ளடக்கம் வராது.

கடைசியாகப் பெயர்கள். மேக் கணினியில் கேள்விக்குறி வைத்துக் கோப்புக்குப் பெயரிடலாம். விண்டோஸ் ஏற்காது, சிங்க் அங்கே தடுமாறும். ஒன்ட்ரைவில் ஃபோல்டர் பெயர்களும் கோப்பின் பெயரும் சேர்ந்து 400 எழுத்தைத் தாண்டக் கூடாது. தமிழில் பெயர் வைப்பவர்களுக்குத் தனியாக ஒன்று உண்டு. 'தொகுப்பு' என்பதில் உள்ள 'தொ'வின் கொம்பையும் காலையும் யூனிகோடில் (கணினி எழுத்துகளைச் சேமிக்கும் குறியீட்டு முறை) ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. கணினிக்கு இவை இரண்டு பெயர்கள். அதனால் விண்டோஸில் ஒரே பெயருடன் இரண்டு ஃபோல்டர்கள் அருகருகே நிற்கும். புதிய கோப்புகள் ஒன்றிலும் பழையவை இன்னொன்றிலும் கிடக்கும். அப்படிக் கண்டால் ஒரே கணினியில் புதிதாக ஒரு ஃபோல்டரைத் தட்டச்சு செய்து உருவாக்கி, இரண்டிலும் இருப்பதை அதற்கு மாற்றுங்கள். சிங்க் முழுதாக முடிந்ததும் பழைய இரண்டையும் நீக்கலாம்.