நாலு ரூமுக்கு கூகுள் விளம்பரம்: 2018 முதல் பட்டதும் பார்த்ததும்

கொடைக்கானலில் வில்பட்டி ரோட்டில் எங்களுக்கு நாலு ரூம் உள்ள ஹோம்ஸ்டே. முன்னால் பேரிக்காய் மரங்கள், பின்னால் பூண்டு போட்ட நிலம். ஏரியிலிருந்து தள்ளி இருப்பதால், நடந்து வந்து ரூம் கேட்கிற ஆள் கிடையாது. பஸ் ஸ்டாண்ட் புரோக்கர்களும் ஒரு புக்கிங் ஆப்பும் அனுப்புகிற ஆட்களை வைத்துத்தான் 2018 வரை ஓட்டினோம். அந்த மே மாதக் கடைசியில் கமிஷன் போகக் கையில் நின்றதை எண்ணிப் பார்த்துவிட்டு, கோயம்புத்தூரில் இருக்கும் அக்கா மகனுக்கு போன் போட்டேன். "மாமா, இந்த வருஷம் குறிஞ்சி பூக்குது. விட்டா அடுத்தது 2030தான். இப்பவே விளம்பரம் போடுவோம்" என்றான். அதுவரை ஆட்வேர்ட்ஸ் என்று இருந்த கூகுளின் விளம்பரச் சேவை, கூகுள் ஆட்ஸ் என்று பெயர் மாறியதும் அந்த ஜூலையில்தான்.

தினம் 300 ரூபாய் என்று வைத்தோம். அது தினக் கணக்கு என்று நம்பியது என் முதல் தப்பு. ஒரு சனிக்கிழமை 580 போனது. தேடல் அதிகமுள்ள நாளில் இரண்டு மடங்கு வரை எடுத்துக்கொள்ளும். மாத மொத்தம் தினத் தொகையின் 30.4 மடங்குக்கு மேல் போகாது என்பது விதி. கூடவே 18 சதவீத ஜிஎஸ்டி. ஜிஎஸ்டி பதிவு இல்லாத எங்களைப் போன்றவர்களுக்கு அது திரும்ப வராது, செலவில்தான் எழுத வேண்டும்.

இரண்டாவது தப்பு ஊர் தேர்வு. கடை எங்கே இருக்கிறதோ அங்கேதானே விளம்பரம் என்று கொடைக்கானலையே தேர்ந்தெடுத்தேன். க்ளிக் வந்தது; ஒவ்வொரு க்ளிக்குக்கும் நாம்தான் காசு கொடுக்க வேண்டும். யார் என்று பார்த்தால், பாதிப்பேர் நம்மூர் காட்டேஜ்காரர்கள். என் வாடகை என்னவென்று பார்க்க என் காசிலேயே வந்து போயிருக்கிறார்கள்! ஒருவர் கடைத்தெருவில் சிரித்துக்கொண்டே சொல்லவும் செய்தார். பிறகு மருமகன் சென்னை, மதுரை, கோவை, பெங்களூரு, எர்ணாகுளம் என்று மாற்றினான்.

ஆனால் உள்ளூரை முழுக்க மூடியதும் சரியில்லை. மத்தியானம் மலை ஏறி, ரூம் பிடிக்காமல் ஏரியைச் சுற்றிவிட்டு, இருட்டப் போகிற நேரத்தில் போனை எடுக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுக்கென்று தனி விளம்பரம் வைத்தோம்: 10 கிலோமீட்டர் சுற்றளவு, மூன்று மணியிலிருந்து எட்டு மணி வரை மட்டும், தொட்டால் நேராக போன். சீசன் இல்லாத மாதங்களில் எங்களுக்குச் சோறு போடுவது இந்தச் சின்ன விளம்பரம்தான்.

நவம்பர் 16, கஜா புயல். மரங்கள் சாய்ந்து ரோடு அடைத்து, கரண்ட் போய், டவரும் போனது. நாங்கள் மெழுகுவத்தி வெளிச்சத்தில் இருக்க, விளம்பரம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்துகிற பட்டன் இருந்தது, அழுத்த நெட் இல்லை. நெட் வந்த பிறகு பார்த்தால், கொடைக்கானல் நிலவரம் தெரிந்துகொள்ளத் தேடியவர்கள் எல்லாம் எங்கள் விளம்பரத்தைத் தட்டியிருக்கிறார்கள். அன்றிலிருந்து கோவையில் மருமகன் கையிலும் ஒரு லாகின். மலையில் தொழில் செய்கிறவர்கள் இதை முதல் நாளே செய்துவிடுங்கள்.

இத்தனை வருஷத்தில் இந்தக் காசுக்கு எனக்குக் கிடைத்த பெரிய லாபம், ஆட்களைவிட, சர்ச் டெர்ம்ஸ் என்கிற பக்கம். நாம் வைத்த கீவேர்டு, அதாவது எந்தத் தேடலுக்கு விளம்பரம் வர வேண்டும் என்று கொடுத்த சொல் வேறு, ஜனம் உண்மையில் தட்டிய வார்த்தை வேறு. அந்த இரண்டாவதை அப்படியே காட்டுகிற பட்டியல் அது. 2020க்குப் பிறகு எல்லாத் தேடலையும் காட்டுவதில்லை; காட்டுகிற வரைக்கும் அது பொக்கிஷம். 'கொடைக்கானல் காட்டேஜ்' என்று பிராட் மேட்சில், அதாவது தொடர்புள்ள தேடலுக்கெல்லாம் விளம்பரம் வரும்படி வைத்திருந்தேன். வந்தவை: காட்டேஜ் விற்பனைக்கு, காட்டேஜ் லீசுக்கு, காட்டேஜில் சமையல் வேலை, ஊட்டி காட்டேஜ், ஏற்காடு காட்டேஜ், ஹோம்மேட் சாக்லேட். 2024 தொடக்கத்தில் ஒரு மலையாளப் படம் ஓடியதும் குணா குகைக்கு வழி கேட்டவர்கள் கூட்டமாக வந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் க்ளிக் காசு நான் கொடுத்தேன்.

இதற்கு மருந்து நெகட்டிவ் கீவேர்டு, அதாவது இந்தச் சொல் இருந்தால் என் விளம்பரம் வேண்டாம் என்பது. இதில் தமிழருக்கு ஒரு தனித் தலைவலி. நெகட்டிவ் பட்டியல் நெருங்கிய சொற்களைத் தானாகச் சேர்த்துக்கொள்ளாது. 'வேலை' என்று போட்டால் 'ஜாப்' நிற்காது. தமிழ் எழுத்தில் போட்டால், இங்கிலீஷ் எழுத்தில் தட்டிய வேலை நிற்காது. அதிலும் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டு. ஞாயிறு ராத்திரி கணக்கு நோட்டோடு உட்கார்ந்து களை பறிக்கிற மாதிரி பறிப்பேன். இன்று என் பட்டியலில் 400க்கு மேல் சொற்கள். முதல் சீசனில் 100 க்ளிக்குக்கு ஒரு அட்வான்ஸ் வந்தது. இப்போது நாலு வருகிறது. வாடகை, போட்டோ எதையும் மாற்றவில்லை.

அதே பட்டியல்தான் இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தது. 'டிரைவர் தங்க இடம்' என்று மாதா மாதம் சிலர் தேடினார்கள். வேன் பிடித்து வருகிற குடும்பங்கள். கார் ஷெட்டுக்குப் பக்கத்தில் விறகு போட்டிருந்த அறையைச் சுத்தம் செய்து, இரண்டு கட்டில், கம்பளி, ஒரு பாத்ரூம். இணையதளத்தில் அதற்குத் தனிப் பக்கம். எங்களிடமுள்ள பக்கங்களில் பார்த்தவுடன் போன் வருகிற பக்கம் அதுதான்.

இணையதளத்துக்கு யார் வந்தார்கள் என்று கணக்கெடுக்கிற கூகுள் அனலிடிக்ஸ் பற்றி என் கருத்து கொஞ்சம் கசப்பானது, தப்பு பாதி என் பேரில் என்றாலும். 2024 மே 7 முதல் உயர்நீதிமன்ற உத்தரவுப்படி கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் வண்டியில் வர இ-பாஸ், அதாவது ஆன்லைன் அனுமதிச் சீட்டு வந்தது. எப்படி எடுப்பது என்று நல்ல எண்ணத்தில் ஒரு பக்கம் எழுதினேன். ஒரே வாரத்தில் வருகை பத்து மடங்கு. கிராஃப் கொடைக்கானல் மலை மாதிரி நிமிர்ந்து நின்றது. மனைவி எட்டிப் பார்த்து, "இத்தனை பேர் வந்தாங்கங்கறீங்க, போனே அடிக்கலையேங்க?" என்றாள். அடிக்கவில்லைதான். ரூம் ஏற்கெனவே போட்டவர்களும் பாஸ் மட்டும் தேவைப்பட்டவர்களும் படித்துவிட்டுப் போய்விட்டார்கள். 2025 ஏப்ரலில் வார நாளில் 4,000 வண்டி, சனி ஞாயிறில் 6,000 என்று வரம்பு வைத்தபோதும் இதே கதை. இப்போது மொத்த வருகையைப் பார்ப்பதே இல்லை. போன் நம்பரைத் தொட்டது, வாட்ஸ்அப்பைத் தொட்டது, இந்த இரண்டை மட்டும் முக்கிய நிகழ்வாக வைத்திருக்கிறேன்.

பழைய யுனிவர்சல் அனலிடிக்ஸ் 2023 ஜூலை 1இல் கணக்கெடுப்பதை நிறுத்தி, அதன் புதிய வடிவமான ஜிஏ4க்கு மாறச் சொன்னது. மாறினேன். பழைய எண்களைப் பிறகு இறக்கிக்கொள்ளலாம் என்று சோம்பல்பட்டேன். 2024 ஜூலையில் அந்தக் கதவும் மூடியது. ஐந்து வருஷ எண்கள் போயின. ஜிஏ4இல் இன்னொன்று: விரிவான தரவை முதலில் இரண்டு மாதம் மட்டும்தான் வைத்திருக்கும், அமைப்பில் போய் 14 மாதமாக்க வேண்டும். போன மே மாதத்தோடு இந்த மே மாதத்தை ஒப்பிடாமல் சீசன் தொழில் எப்படிச் செய்வது?

நடுவில் ஒரு வருஷம் மதுரையில் ஓர் ஏஜென்சியிடம் கொடுத்தேன். மாதா மாதம் வண்ண வண்ணமாக ரிப்போர்ட், பலன் கூடிக்கொண்டே போனது. அட்வான்ஸ் மட்டும் கூடவில்லை. தோண்டிப் பார்த்தால் பலன் முக்கால்வாசி எங்கள் வீட்டுப் பெயரையே தட்டித் தேடியவர்கள். நம்மைத் தெரிந்துதான் வருகிறார்கள், அவர்களை விளம்பரம் பிடித்ததாகக் கணக்கு! அதற்காக சொந்தப் பெயருக்கு விளம்பரமே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். நம் பெயரில் புக்கிங் ஆப்கள் மேலே வந்து நிற்கின்றன, க்ளிக்கும் மலிவு. ஆனால் அதைத் தனிக் கணக்காக வையுங்கள். ஏஜென்சி ரிப்போர்ட்டில் அது கலந்திருக்கிறதா என்று முதல் மாதமே கேளுங்கள்.

எதற்கும் போன் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. கூப்பிடுகிறவரிடம் "எப்படிங்க எங்களைத் தெரியும்?" என்று மனைவி கேட்டு எழுதுவாள். கூகுள் சொல்வதும் நோட்டு சொல்வதும் ஒத்துப்போன மாதம் இதுவரை வரவில்லை. சண்டை வந்தால் நான் நோட்டு பக்கம்.

இப்போது ஓடுவது மூன்று: வெளியூர், சாயங்கால உள்ளூர், எங்கள் பெயர். மே மாதம் ரூம் தானாக நிரம்புவதால் வெளியூரை நிறுத்திவிடுவேன். ஜூலைக்கும் ஜனவரிக்கும்தான் காசு. நேற்று நோட்டில் ஏறிய கடைசி வரி, சேலத்திலிருந்து ஒருவர்: "டிரைவர் ரூம்லயும் வெந்நீர் வருமா சார்?" வரும். இணையதளப் பக்கத்தில் அதை எழுதாமல் விட்டிருக்கிறேன்.