ஓப்பன்டிரைவ்: வளைவில் சுகம், சந்திப்பில் தலைவலி

டிரைவிங் சிமுலேட்டருக்குச் சாலை அமைக்கப் போகிறவர்கள் சாலையை விவரிக்க எந்தக் கோப்பு ஃபார்மட் என்று கேட்டால் நான் யோசிக்காமல் ஓப்பன்டிரைவ் என்றுதான் சொல்வேன். ஆனால் சந்திப்புகள் நிறைந்த நகரச் சாலை என்றால் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

விரெஸ் என்ற ஜெர்மன் நிறுவனமும் கார் நிறுவனமான டெய்ம்லரும் தொடங்கி 2006இல் வெளியிட்டது இது, 2018இல் ஆசாம் என்ற தர அமைப்பின் பொறுப்புக்கு வந்தது. கோப்பு வெறும் எக்ஸ்எம்எல் (குறிச்சொற்களோடு எழுதிய சாதாரண எழுத்துக் கோப்பு), எந்த எடிட்டரிலும் திறந்து படிக்கலாம், விளக்க ஆவணமும் இலவசம்.

எனக்கு மிகவும் பிடித்தது சாலையை அது சொல்லும் விதம். புள்ளிகளை வரிசையாகக் கொட்டாமல் நேர்கோடு, வில், சுருள் என்று துண்டு துண்டாக ஒரு குறிப்புக்கோட்டை எழுதுகிறோம், அப்புறம் லேன், ஏற்ற இறக்கம், வளைவில் சாலையின் பக்கச் சாய்வு எல்லாமே அந்தக் கோட்டின் வழியே எவ்வளவு தூரம், அதிலிருந்து பக்கவாட்டில் எவ்வளவு தள்ளி என்ற கணக்கில் வந்துவிடும். சுருளின் அருமை ஸ்டியரிங்கைப் பிடித்தால்தான் தெரியும். நேர்சாலை விட்டு வளைவுக்குள் நுழையும்போது வளைவு சீராக இறுகிக்கொண்டே போவதால் கையும் சீராகத் திரும்பும், புள்ளிகளைக் கோடுகளால் இணைத்த சாலையில் வரும் அந்த வெட்டு வெட்டான உதறல் இருக்காது. ஒவ்வொரு துண்டும் தான் தொடங்கும் இடத்தையும் திசையையும் தன்னிடமே வைத்திருப்பதால் ஒரு சுருளைக் கணக்கிடுவதில் வரும் சிறு பிழை அடுத்த துண்டுக்குத் தொற்றாது (இணைப்பில் நூலிழை இடைவெளி வரலாம், அவ்வளவுதான்).

குறைகளுக்கு வருகிறேன். சாலை உயரத்துக்கான தூரம் சாலையின் தொடக்கத்திலிருந்து, லேன் அகலத்துக்கான தூரமோ அந்த லேன் பிரிவின் (லேன்களின் எண்ணிக்கை மாறாத சாலைப் பகுதி) தொடக்கத்திலிருந்து! வேறு தரவை இந்த ஃபார்மட்டுக்கு மாற்றப் புதியவர்கள் எழுதும் கன்வெர்ட்டர்களில் லேன் திடீரென்று ஊதிப் பெருத்தால் முதலில் இங்கே பாருங்கள். இடப்பக்கம் ஓட்டும் நாட்டுச் சாலை என்றால் அதை வெளிப்படையாகக் குறிக்க வேண்டும், விட்டுவிட்டால் வலப்பக்க ஓட்டம் என்றே கொள்ளப்படும்.

பெரிய தலைவலி சந்திப்புதான். உள்ளே வரும் ஒவ்வொரு லேனும் எங்கெங்கே போகலாமோ அத்தனைக்கும் தனித்தனி இணைப்புச் சாலை எழுத வேண்டும். திசைக்கு ஒரே லேன் உள்ள சாதாரண நாற்சந்தியில், திரும்பி வந்த வழியே போவதை விட்டுவிட்டால்கூட, 12 சாலைகள், எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று கிடக்கும். தரை சமமாக இருந்தால் பிரச்சினை இல்லை, சரிவில் இருக்கும் சந்திப்பென்றால் ஒவ்வொன்றின் உயரமும் மற்றவற்றோடு ஒத்துப்போக வேண்டும், போகாவிட்டால் இல்லாத படியில் சக்கரம் ஏறி இறங்கும். 2023இல் வந்த 1.8 பதிப்பு சந்திப்புக்கு எல்லைக்கோடும் உயரக் கட்டமும் (கட்டம் கட்டமாக உயரத்தைக் குறிக்கும் வலை) கொண்டுவந்திருக்கிறது, உண்மையிலேயே தேவைப்பட்ட மாற்றம்.

ஆட்டோவேர் என்ற தானோட்டி மென்பொருளின் உலகத்தில் புழங்கும் லேன்லெட்2 என்ற இன்னொரு சாலை வரைபட ஃபார்மட் லேனின் இரண்டு ஓரங்களையும் புள்ளிக்கோடுகளாக வைத்துக்கொள்வதால் அளந்த தரவிலிருந்து செய்வது சுலபம். தானோட்டி மென்பொருளுக்கு அது போதும், மனிதர் உட்கார்ந்து ஓட்டும் சிமுலேட்டருக்கு நான் அதை எடுக்க மாட்டேன்.

கோப்பு தயாரானதும் நேராகப் பெரிய சிமுலேட்டரில் ஏற்றாதீர்கள். எஸ்மினி என்ற சிறிய சிமுலேட்டரோடு வரும் ஓடிஆர்வியூவர் என்ற பார்வைக் கருவியில் திறந்து கார்களை ஓடவிட்டுப் பாருங்கள், அறுந்த லேன் இணைப்புகள் அங்கேயே தெரிந்துவிடும். பதிப்பையும் கவனியுங்கள். கார்லா என்ற டிரைவிங் சிமுலேட்டரின் ஆவணங்கள் ஓப்பன்டிரைவ் 1.4ஐத்தான் சொல்கின்றன, எனவே 1.8இன் புதிய வசதிகளை நம்பி எழுதும் முன் உங்கள் சிமுலேட்டர் எதுவரை படிக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.