இளஞ்சிவப்பு பீட்னிக் பாண்டிட் வாங்கி 24,000 ரூபாய் இழந்தேன்

பழைய ஹாட் வீல்ஸ் பொம்மைக் கார்களை, அதிலும் டயரைச் சுற்றிச் சிவப்புக் கோடு போட்ட ஆரம்பகால ரெட்லைன் கார்களை, ஆன்லைனில் வாங்குகிறவர்கள் பணம் அனுப்புவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். போன மாதம் எனக்கு நடந்தது இது.

நான் இரண்டு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தது பீட்னிக் பாண்டிட். மேட்டல் நிறுவனம் 1968இல் முதன்முதலாக வெளியிட்ட 16 ஹாட் வீல்ஸ் கார்களில் ஒன்று. அமெரிக்காவில் எட் ராத் கட்டிய நிஜக் காரைப் பார்த்துச் செய்தது. கூரை இருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் குமிழி. நிஜக் காரில் ஸ்டீயரிங் வளையமே கிடையாது, நடுவில் இருக்கும் ஒரே குச்சியைப் பிடித்துத்தான் ஓட்ட வேண்டும். வருங்காலக் கார் இப்படித்தான் இருக்கும் என்று அந்தத் தலைமுறை நம்பியது உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிறது. எனக்கு அதன்மேல் அவ்வளவு ஆசை.

விலை விஷயத்துக்கு வருகிறேன். ரெட்லைன் கார்களில் ஒரே மாடலுக்கு நிறத்தைப் பொறுத்து விலை பல மடங்கு மாறும். இளஞ்சிவப்பு அரிது. ஆண் பிள்ளைகளுக்கான பொம்மை என்பதால் அந்த நிறத்தில் குறைவாகவே அடித்தார்கள் என்று சேகரிப்பவர்கள் சொல்வார்கள். நீலத்தில் 6,000 ரூபாய்க்கு நான் பார்த்த அதே கார், இளஞ்சிவப்பு என்றதும் 24,000 ஆனது இதனால்தான்.

விற்றவர் ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் படம் போட்டிருந்தார். பச்சை வெல்வெட் துணிமேல் வைத்து, மஞ்சள் வெளிச்சத்தில் எடுத்த மூன்று படங்கள். "ஒரிஜினல் 1968 ப்ரோ, அடியிலே வருஷமே இருக்கு, ஜூம் பண்ணிப் பாருங்க" என்றார். அடித்தட்டைத் தெளிவாக எடுத்து அனுப்பச் சொன்னேன். எழுத்து மட்டும் தெரிகிற மாதிரி, அடித்தட்டை உடலோடு பிணைக்கும் இரண்டு ரிவெட்டையும் விட்டுவிட்டு ஒரு படம் வந்தது. வீடியோ கேட்டேன். "இன்னொருத்தர் ரெடியா இருக்கார் ப்ரோ, நீங்க முதல்ல கேட்டதால உங்களுக்காக வச்சிருக்கேன்" என்றார். கை நழுவிவிடுமோ என்ற பயத்தில் ஜிபேயில் மொத்தப் பணத்தையும் அனுப்பினேன்.

பார்சல் நன்றாகத்தான் வந்தது. காரும் பளபளவென்று இருந்தது. அந்தப் பளபளப்புதான் எனக்கு முதலில் உறுத்தியது. அந்தக் காலத்து ஸ்பெக்ட்ராஃப்ளேம் பெயிண்ட் என்பது, மெருகேற்றிய துத்தநாகக் கலவைமேல் அடிக்கும் ஒளி ஊடுருவும் வண்ணம். ஐம்பது வருடத்துக்கு மேல் ஆனால் அடியிலிருக்கும் உலோகம் கறுத்து, பெயிண்டுக்குள்ளிருந்து திட்டுத் திட்டாகத் தெரியும். பத்திரமாக வைத்திருந்த காரிலும் பெரும்பாலும் ஓரிரண்டு இடத்திலாவது அது இருக்கும். இதில் ஒரு புள்ளிகூட இல்லை. குமிழியிலும் ஒரு கீறல் இல்லை.

திருச்சியில் முப்பது வருடமாகச் சேகரிக்கும் அண்ணன் ஒருவரிடம் எடுத்துப்போனேன். நகைக்கடைக்காரர்கள் வைத்திருப்பதுபோல ஒரு லென்ஸைக் கண்ணில் வைத்து, காரைத் திருப்பி ரிவெட்டைப் பார்த்தார். "நீயே பாருப்பா" என்று நீட்டினார். தொழிற்சாலையில் அடித்த ரிவெட்டின் தலை காளான்போல மழமழவென்று உப்பியிருக்கும். இதில் நடுவே டிரில் போட்ட குழி. குழிக்குள் பசை, அதன்மேல் வெள்ளி நிறப் பெயிண்ட். அப்புறம் குமிழி உட்காரும் விளிம்பின் உள்பக்கத்தைக் காட்டினார். தலைமுடி அகலத்துக்கு நீலம். சாதாரண நீலக் காரைப் பிரித்து, பெயிண்டை உரித்து, இளஞ்சிவப்பு அடித்து, புதுக் குமிழி போட்டு மூடியிருக்கிறார்கள். மனசு விட்டுப்போயிற்று.

விற்றவரைக் கூப்பிட்டேன். அவர் சொன்ன பதிலை எல்லோரும் கவனிக்க வேண்டும். "ஒரிஜினல் காஸ்டிங்னுதான் சொன்னேன், ஒரிஜினல் பெயிண்ட்னு எங்கேயாவது எழுதியிருக்கேனா?" காஸ்டிங் என்றால் வார்த்த உலோக உடல் மட்டும். வாட்ஸ்அப் சாட்டை மேலே தள்ளிப் பார்த்தேன். உண்மைதான். ஒரு இடத்தில் "ஒரிஜினல் 1968", இன்னொரு இடத்தில் "ஒரிஜினல் காஸ்டிங்". பெயிண்ட் என்ற சொல்லே அவர் பக்கத்திலிருந்து வரவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் இளஞ்சிவப்புக்கான விலையை அவர் முழுசாக வாங்கினாரே, அது பெயிண்டுக்கான விலை இல்லாமல் வேறு எதற்கு? பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டு என் நம்பரை பிளாக் செய்தார்.

பழைய காரைப் பிரித்துச் சரிசெய்வது தப்பில்லை. துருப்பிடித்துப் போனதை எடுத்து அருமையாகப் புதுப்பிக்கிறவர்களை எனக்குத் தெரியும், அவர்கள் 'ரீஸ்டோர் செய்தது' என்று முதல் வரியிலேயே எழுதி, அதற்குரிய விலைக்குத்தான் விற்பார்கள். ஆகவே வாங்கும்போது பெயிண்ட், சக்கரம், குமிழி மூன்றும் தொழிற்சாலையிலிருந்து வந்ததுதானா என்று தனித்தனியாகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். அதே முதல் 16 கார்களில் இன்னொன்றான டியோரா என்றால் பின்னால் வரும் இரண்டு சர்ஃப் பலகைகளையும் சேர்த்துக் கேளுங்கள், அதற்கு நகல் தாராளமாகக் கிடைக்கிறது. ரிவெட் தெரியாத படத்துக்குப் பணம் அனுப்பாதீர்கள். அடியிலிருக்கும் வருடத்தையும் நம்ப வேண்டாம். அது வடிவமைப்புக்கான பதிப்புரிமை (காப்பிரைட்) வருடம், அந்தக் கார் தயாரான வருடம் அல்ல. 1993இல் 25ஆம் ஆண்டுக்காக மேட்டலே பழைய மாடல்கள் பலவற்றை மறுபடி வெளியிட்டது. அவற்றையும் 1968 என்று சொல்லித் தலையில் கட்டுகிறவர்கள் உண்டு.

குரூப் அட்மினிடம் சாட், படங்கள் எல்லாவற்றையும் கொடுத்தேன். விற்றவரைக் குரூப்பிலிருந்து நீக்கிவிட்டார்கள். சைபர் கிரைம் தளத்திலும் புகார் பதிந்திருக்கிறேன், இன்னும் பதில் இல்லை. நேற்று வேறொரு குரூப்பில் வேறு பெயரில் ஒருவர் இளஞ்சிவப்பு டியோரா போட்டிருந்தார், 40,000 ரூபாய். அதே பச்சை வெல்வெட் துணி, இடது ஓரத்தில் அதே எரிந்த ஓட்டை. அடித்தட்டுப் படம் இல்லை.